பால்வெட்டும் கொழுந்தும்: கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் இரு வாழ்க்கைகள்

மலையகத் தமிழர் என்றவுடன் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்றுதான் பேச்சு போகும். சப்ரகமுவ கடைசியில் வரும். வந்தாலும் இரத்தினபுரியையும் கேகாலையையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டையும் 'கீழ்ப்பக்கத்துத் தோட்டங்கள்' என்று ஒதுக்கிவிட்டு மேலே போய்விடுவார்கள். மாகாணம் ஒன்றுதான். 1889 இல் மேல் மாகாணத்திலிருந்து பிரித்து உருவாக்கியபோதே இந்த இரண்டு மாவட்டங்களையும் ஒரே நிர்வாகத்தில் பூட்டிவிட்டார்கள். இரண்டும் அடுத்தடுத்து கிடப்பவை. இரண்டிலும் ஈரம், இரண்டிலும் மலை, இரண்டிலும் லயன்கள். ஆனாலும் இரண்டிலும் மனிதர் சாப்பிட்ட விதமும், விழித்த நேரமும், பக்கத்துக் கிராமத்தோடு பழகிய விதமும் ஒன்றாக இருக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கு மண்ணையும் மழையையும் காரணம் காட்டுவதே வழக்கம். அதைவிடப் பயிர் கேட்ட வேலை நேரத்திலும், அந்தப் பயிருக்கு எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கிலும்தான் அதிகக் காரணம் இருக்கிறது என்பது என் கட்சி. கேகாலையின் பெரும்பகுதியை ரப்பர் பிடித்துக்கொண்டது. இரத்தினபுரியின் கிழக்கு மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு வேறுபாடும் நாள்பொழுது வேறுபாடும் பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தவை.

பாதையில் தொடங்கலாம். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டபோது அது கேகாலை வழியாகவும் மாவனெல்லை வழியாகவும் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போனது. 1867 இல் கண்டிக்கு ரயில் ஓடியபோது ரம்புக்கனை மலையடிவார நிலையமானது. ஆக கேகாலையின் வடக்கு விளிம்பு சீக்கிரமே நாட்டின் முதன்மைப் போக்குவரத்தில் சேர்ந்துவிட்டது. இரத்தினபுரி அப்படியில்லை. அங்கிருந்து விளைபொருள் களுகங்கையில் படகேறி களுத்துறைக்குப் போன காலம் நீண்டது. களனிவெளி குறுகிய ரயில்பாதை 1902 இல் அவிசாவளைக்கு வந்து, 1903 இல் யட்டியாந்தோட்டைக்கு ஒரு கிளை விட்டது. இரத்தினபுரியைத் தொடுவதற்கு 1912 ஆகிவிட்டது. ஓப்பநாயக்கவுக்கு 1919. அந்தப் பத்து ஆண்டு இடைவெளி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதே பத்து ஆண்டில்தான் உலக ரப்பர் விலை ஏறி 1910 இல் உச்சம் தொட்டது. 1876 இல் ஹெனரத்கொடை தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து பரவிய மரத்துக்கு முப்பது ஆண்டு கழித்து மோட்டார் வண்டியின் சக்கரம் விலை கொடுத்தது. ரயில் ஏற்கெனவே வந்திருந்த களனிவெளியில், யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, தெரணியகலை பக்கங்களில், கம்பனிகள் அவசரமாக ரப்பர் நட்டன. கோப்பி அழிந்த பிறகு ஏற்கெனவே தேயிலைக்குத் திரும்பியிருந்த இறக்குவானை, பலாங்கொடை மலைகள் தேயிலையிலேயே நின்றன.

இங்கே முதல் மறுப்பு எழும். இரத்தினபுரியில் ரப்பர் இல்லையா, கேகாலையில் தேயிலை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. எஹலியகொட, குருவிட்ட, பெல்மதுளை பக்கம் ரப்பர் நிறைய. தெரணியகலையின் மேல்புறத்திலும் அரநாயக்க மலைகளிலும் தேயிலை உண்டு. மாவட்ட எல்லை என்பது கச்சேரி போட்ட கோடு. பயிரின் எல்லை மலையின் உயரத்தோடு ஏறி இறங்குவது. ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்று சொல்லவரவில்லை. எந்தப் பயிர் எந்த மாவட்டத்தின் பொது வாழ்க்கைக்கு நிறம் கொடுத்தது என்பதே கேள்வி. அதில் கேகாலைக்கு ரப்பர் என்பதை மறுக்க முடியாது. களுத்துறையோடு சேர்ந்து அது இலங்கையின் முதன்மை ரப்பர் மாவட்டம். இன்னொன்றும் உண்டு. எஹலியகொட ரப்பர் தோட்டத்து வாழ்க்கை பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்தைவிட யட்டியாந்தோட்டை ரப்பர் தோட்டத்துக்கே நெருங்கியது. அந்த உதாரணம் என் வாதத்தைக் குலைப்பதைவிட அதற்குத் துணைதான் நிற்கிறது.

மழைதான் காரணம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. யட்டியாந்தோட்டைப் பக்கமும் அப்படியொன்றும் காய்ந்த பூமி இல்லை. ஒரே மாதிரி ஈரத்தில் ஓரிடத்தில் ரப்பரும் இன்னோரிடத்தில் தேயிலையும் நின்றன. மழை வாழ்க்கையைத் தொட்டது உண்மை, ஆனால் பயிர் வழியாகத்தான் தொட்டது. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். மழை நாள் என்றால் வேலை இல்லை, பேர் (அன்றைய நாட்பதிவு) இல்லை, காசு இல்லை. தேயிலைக்கு அதே மழை கொழுந்து. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க மலையில் நிற்க வேண்டும். ஒரே மேகம் ஒரு தோட்டத்தில் பட்டினியாகவும் இன்னொரு தோட்டத்தில் கூடுதல் கிலோவாகவும் இறங்கியது.

பால்வெட்டு வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் அழுத்தமாக ஓடும். அதனால் இருட்டோடு கிளம்பி, விடியும்போது மரத்தடியில் இருக்க வேண்டும். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் நீளமான ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார்கள். அதற்கும் நிறையுண்டு. பிறகு கத்தியைச் சரித்துப் பிடித்து, பழைய வெட்டுக்குக் கீழே நகத்தின் தடிப்பளவு பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம், துரையிடம் ஏச்சு. குறைந்தால் பால் குறையும். இப்படி ஒருவருக்கு முந்நூறு மரம் வரை. எல்லாவற்றையும் வெட்டி முடித்துத் திரும்பவும் முதல் மரத்திலிருந்து சிரட்டைகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டு போனால், பத்து பதினொரு மணிக்கெல்லாம் பால் ஸ்டோருக்கு வந்துவிடும். அங்கே அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகை வீட்டில் தொங்கவிடுவது வேறு ஆட்களின் வேலை. வெட்டியவருக்குப் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு நேரம் அவருடையது. கொழுந்து பறிப்பவருக்கு அப்படியில்லை. காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், பேர் கொடுத்தால் மாலை நிறுவை முடியும்வரை மலை. குழந்தை பிள்ளைக்காம்பராவில். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரம் லயத்துக்கு ஓடி வரவே போதாது.

சாப்பாட்டு வேறுபாட்டுக்கு இந்தப் பிற்பகல்தான் வேர். பலா, ஈரப்பலா, மரவள்ளி, கித்துள், தேங்காய் எல்லாம் இரண்டு மாவட்டத்துக்கும் பொது. சொல்லப்போனால் சிங்களக் கிராமத்துக் கித்துள் பாணிக்கு இரத்தினபுரிப் பக்கமும் பேர்போனதுதான். அப்படியிருக்க ஏன் ஒரு பக்கத்து லயத்தில் பலாக்காய் அவியலும் தேங்காய்ப்பாலும் அன்றாடமாக இருந்தன, இன்னொரு பக்கத்தில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் மூன்று வேளையும் ஓடின? மரம் எங்கே நிற்கிறது என்பதைவிட, அதை வெட்டிப் பால் துடைத்துச் சுளை பிரித்து அவிக்க வீட்டுப் பெண்ணுக்கு நேரம் இருந்ததா என்பதையே கேட்க வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து தட்டிக் கல்லில் போடக் கால் மணி நேரம் போதும், அதுவும் விடியுமுன்னே. மலையில் நின்றபடி கையில் பிடித்துத் தின்னவும் தோது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து கோதுமை மா பங்கீட்டில் புகுந்தபோது தேயிலை மலையில் அது அப்படியே நிலைத்துப்போனதற்கு விலை மட்டும் காரணமாக இருக்க முடியாது. விலைதான் முழுக் காரணம் என்றால் அரிசி தாராளமாகக் கிடைத்த காலத்தில் ரொட்டி ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை.

அரசாங்கமும் உயரத்தை வைத்துத்தான் வயிற்றுக்குக் கணக்குப் போட்டது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இல் தோட்டத் தொழிலாளருக்கு முதல் முறையாகக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது, மேல்நாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், நடுநாட்டில் 52, கீழ்நாட்டில் 50. பெண்ணுக்கு 43, 41, 40. கீழே வாழச் செலவு குறைவு என்பது வாதம். காட்டில் பலா இருக்கிறது, குளிருக்குக் கம்பளி வேண்டாம், அரிசி மூட்டையை மலையேற்றும் செலவு இல்லை என்றெல்லாம் நினைத்துப் பார்த்தால் வாதத்தில் ஓரளவு நியாயம் தெரியும். ஆனால் மழை நாளில் பேர் கிடைக்காத பால்வெட்டுக்காரரின் மாதக் கணக்கை அந்த நாட்கூலி அட்டவணை பார்க்கவில்லை. பலாமரத்தைக் காரணம் காட்டி நான்கு சதத்தைக் குறைத்த கை, மழையைக் காரணம் காட்டி நான்கு சதத்தைக் கூட்டவில்லை.

ரப்பருக்குத் தேயிலையைவிட மிகக் குறைந்த ஆள் போதும். தேயிலைக்கு ஏக்கருக்கு ஓர் ஆள் என்பது தோட்டத்துரைமாரின் பழைய கணக்கு. ரப்பர் மரம் அத்தனை கை கேட்பதில்லை. கேகாலைத் தோட்டங்களின் சமூக வாழ்க்கைக்கு இது முக்கியமான உண்மை. லயன் வரிசைகள் குறைவு, கோயில் சிறியது, ஆசிரியர் ஒருவரோ இருவரோ உள்ள பள்ளிக்கூடம். பெரிய மலையில் ஆயிரம் பேர் கூடி மாரியம்மன் தேரிழுப்பதும், இரவு இரவாகக் காமன்கூத்து ஆடுவதும் ஆள் பலத்தைக் கேட்பவை. பலாங்கொடைப் பெருந்தோட்டங்களுக்கு அது கைகூடும் அளவுக்குக் கேகாலைச் சிறு பிரிவுகளுக்குக் கைகூடாது. அதோடு, ரப்பர் வெட்டப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்களும் வந்தார்கள். தேயிலை மலையில் துரைக்குப் பிரட்டில் காணக் கிடைத்த முகங்கள் ஏறக்குறைய எல்லாம் தமிழ் முகங்கள். களனிவெளியில் அப்படியில்லை. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, கிராமம் கிராமமாகப் போய்ப் பருப்புப் பகிர்ந்த இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவைச் சனங்கள் 'பருப்பு மஹத்தயா' என்று அழைத்தார்கள். 1936 தேர்தலில் அவர் ருவன்வெல்லவில் வென்றார், பின்னாளில் யட்டியாந்தோட்டையின் உறுப்பினராக 1977 வரை இருந்தார். களனிவெளி ரப்பர்த் தோட்டங்களில் இடதுசாரித் தொழிற்சங்கம் வேர்விட்டதற்கு அவருடைய பேர் ஒரு காரணம். சிங்களவரும் தமிழரும் ஒரே மரவரிசையில் வேலை செய்ததை அதைவிடப் பெரிய காரணமாக நான் எண்ணுகிறேன். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 தொகுதிகளில் ஒன்றுகூட சப்ரகமுவவில் இல்லை. இங்கே தமிழர் தனியாக ஒரு தொகுதியை எடுக்கும் எண்ணிக்கையில் எங்கும் இருக்கவில்லை.

அப்படியென்றால் கேகாலையில் கிராமமும் தோட்டமும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தனவா? அதுவும் இல்லை. நெருக்கம் நட்பைத் தந்த அதே காலத்தில் காணிச் சண்டையையும் தந்தது. 1946 இல் உந்துகொடையில், தமிழர் உருளவள்ளி என்று சொல்லும் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருந்ததாக அவர்கள்மேல் வழக்குப் போடப்பட்டது. ஆதரவாகப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பிறந்து வளர்ந்த லயத்திலேயே ஒருவன் அத்துமீறியவன் ஆகலாம் என்பதை, தோட்டத்தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்னரே கேகாலை காட்டிவிட்டது. கிராமத்தாரின் காணித் தேவையும் பொய்யில்லை. கண்டி இராச்சியத்தின் நான்கு கோரளையும் மூன்று கோரளையும் இருந்த நிலம் இது. தோட்டம் வந்தபோது காட்டையும் சேனையையும் இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் அந்தக் காணியைக் கேட்டவர்கள். ஆனால் அந்தக் கடனை வெள்ளைக்காரக் கம்பனியிடம் வசூலிக்காமல் கூலிக்காரனிடம் வசூலிக்கப் பார்த்தது அரசாங்கம்.

குடியுரிமை போய் நான்கு ஆண்டில் இன்னொரு விசித்திரம். 1952 டிசம்பரில் பீக்கிங்கில் இலங்கைக்கும் சீனாவுக்கும் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க அதற்குப் பின்னால் நின்றார். கொரியப் போர் முடிந்திருக்கவில்லை. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாதென்று அமெரிக்கா முறைத்தது. இலங்கையில் அரிசி இல்லை, ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. ஐந்து ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 50,000 தொன் ரப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும் என்பது ஏற்பாடு. சீனா உலகச் சந்தையைவிட உயர்ந்த விலை கொடுத்தது. அந்த ரப்பரில் கணிசமான பங்கு களனிவெளிப் புகை வீடுகளில் தொங்கிய தகடு. அதை வெட்டிய கைகளுக்குரியவர்களில் பலர் அப்போது எந்த நாட்டுக்கும் பிரசைகள் இல்லை. நாட்டுக்குச் சோறு வாங்கித்தந்த மரத்தடியில், நாடற்றவர்கள் நின்றார்கள். பங்கீட்டுக் கடையில் அவர்களுக்குக் கிடைத்த அரிசி அவர்களே வெட்டிய பாலின் விலைதான். ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. அதற்கு நடுவில் 1964 இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் சிறிமாவோ, பலாங்கொடை ரத்வத்தை குடும்பத்துப் பெண். தோட்டத்தமிழர் வாழ்க்கையைத் தீர்மானித்த இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்றுக்கு கேகாலையின் மரமும் மற்றொன்றுக்கு இரத்தினபுரியின் மகளும் சம்பந்தப்பட்டது தற்செயல்தான். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

இரத்தினபுரியைப் பற்றிப் பேசும்போது மாணிக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பும் அதுதான்: இரத்தினபுரியின் தனித்தன்மை தேயிலையில் இல்லை, மண்ணுக்கடியில் இருக்கும் 'இல்லம்' என்ற மாணிக்கச் சரளையில் இருக்கிறது என்பார்கள். நகரத்துக்கு அது முழுக்க உண்மை. நிவித்திகல, கஹவத்தை, பெல்மதுளை வயல்களில் தோண்டிய குழிகளும், மரக்கட்டை முட்டுக் கொடுத்த கிணறுகளும், கூடையில் அலசும் சரளையும், கடை வீதியில் கடதாசிப் பொட்டலத்தை விரித்துப் பார்க்கும் வியாபாரியும் கேகாலைக்காரருக்குத் தெரியாத காட்சிகள். கேகாலைக்கும் மண்ணுக்கடியில் செல்வம் உண்டு. போகலைக் காரீயச் சுரங்கம் அங்கேதான். ஆனால் தோட்டத்தின் நாள்பொழுதை மாணிக்கம் எந்த அளவு மாற்றியது? லயத்தில் இருந்தவருக்குக் குழி உரிமமும் இல்லை, காணியும் இல்லை. முதலாளியின் குழியில் கூலிக்கு இறங்கலாம், அவ்வளவுதான். மாணிக்கம் வேறொன்றைச் செய்தது. தோட்டத்து வேலிக்கு வெளியே திடீர்ப் பணமும், அந்தப் பணத்தின் பின்னால் ஓடும் ஆட்களும் உள்ள ஓர் உலகத்தை எழுப்பியது. 1981 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் இறக்குவானை, கஹவத்தை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயன்களும் கடைகளும் எரிந்தபோது அந்த உலகத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். 1977 இல் ஒரு முறை ஓடியவர்கள் மறுபடியும் ஓடினார்கள். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டினார்கள். மாணிக்கம் தோட்டத்துக்குச் சோறு போடவில்லை. போட்டதெல்லாம் கொழுந்துதான்.

இயற்கைக் காட்சியைப் பற்றி ஒரு பேச்சு. ஊர் பார்க்க வருபவர் கேகாலையில் பின்னவலை யானைகளையும், பத்தலேகல குன்றையும் பார்ப்பார். கித்துள்கலையில் 1957 இல் வந்த 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காக ஆற்றங்கரை தாய்லாந்துக் காடாக வேடம் போட்ட இடத்தைப் பார்ப்பார். இரத்தினபுரியில் சிவனொளிபாதமலைக்கு பலாபத்தல வழியாக ஏறுவார். ரப்பர் தோட்டத்துக்கு யாரும் வருவதில்லை. தேயிலை மலைக்குப் படம் எடுக்க ஆள் உண்டு, ரப்பர் நிழலுக்கு இல்லை. ஜனவரி பெப்ரவரியில் இலை சிவந்து உதிர்ந்து, வெறும் கொம்புகள் நின்று, ஓரிரு வாரத்தில் வெண்கல நிறத் தளிர் விடும் ரப்பர்க் காடு எனக்கு எந்தத் தேயிலைச் சரிவுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. நிழலில் இருப்பது கண்ணுக்குப் படாததன் விலை 2016 மே மாதத்தில் தெரிந்தது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த செய்தி உலகமெங்கும் போனது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் போயின. அந்தப் பேர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மொழியை வைத்து வரும் குறையையும் தட்டிக்கழிக்க முடியாது. சப்ரகமுவத் தமிழர் சிங்களவராகிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே ஒப்பிட என்ன மிச்சம் என்று மேல்மலையில் சிலர் சொல்வதுண்டு. சிறிய தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றால், அடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தள்ளியிருந்தால், நடை தூரத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் மொழிக் கொள்கை எதையும் வகுக்கவில்லை. அவள் பஸ் காசைத்தான் கணக்குப் பார்க்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் சிறியதாக நின்றதற்குப் பின்னால் ரப்பருக்கு ஆள் குறைவு என்ற பழைய கணக்கு நிற்கிறது. இரத்தினபுரித் தேயிலைப் பகுதியிலும் கலவரத்துக்குப் பிறகு ஆள் குறைந்த தோட்டங்களில் இதே கதைதான். ஒன்றில் பயிர் செய்ததை மற்றதில் தீ செய்தது.

1972 காணிச் சீர்திருத்தமும், 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததும், 1992 இல் அவற்றை மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுத்ததும் இரண்டு மாவட்டத்தையும் ஒன்றுபோல் தாக்கியவை. அவற்றை இங்கே நீட்ட வேண்டாம். இப்போது வேறுபாடு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இரத்தினபுரித் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டக்காரருடையது. மத்திய கிழக்கும் ரஷ்யாவும் கேட்கும் கீழ்நாட்டுத் தேயிலைக்கு விலை உண்டு, கொழுந்துக்கு ஆள்தான் இல்லை. லயத்துப் பெண் தோட்டத்துப் பேரை விட்டுவிட்டுக் கிராமத்துச் சிறுதோட்டத்தில் நாட்கூலிக்குப் பறிக்கப் போகிறாள். கேகாலையில் ரப்பரைப் பிடுங்கி முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப் பனை) நட்ட கம்பனிகளை 2021 ஏப்ரலில் அரசாங்கம் தடுத்து, நட்டதையும் படிப்படியாக அகற்றச் சொன்னது. அதே காலத்தில் ரப்பரில் இலையுதிர் நோய் பரவியது. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்கூலி தேயிலைக்கும் ரப்பருக்கும் சேர்த்தே வர்த்தமானியில் வந்தது. 1929 இன் மூன்று படிகள் போய்விட்டன. ஆனால் மழை பெய்த நாளில் பால்வெட்டுக்காரருக்கு அந்த ஆயிரமும் கிடைக்கவில்லை. நண்பகலுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் அவர் மகன் அவிசாவளைப் பக்கம் கட்டட வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் போய், அதையே முழு நேரத் தொழிலாக்கிக்கொண்டான்.